கால் வழியாகப் போன விஷம்

நான் மருந்து குடிக்கவில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி மருந்து குடித்தாள் என்றால் காய்ச்சலுக்குக் குடித்தாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்தைத்தான் நினைப்பார்கள். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, "செல்வராணி வீடு எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்த மருந்து குடிச்ச பொம்பளையா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊரை விடுங்கள். என் மகள் தர்ஷினியும் அதையே நம்பினாள். தன்னால்தான் அம்மா குடித்தாள் என்று நம்பினாள். அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

நான் கொழுந்து பறிக்கிறவள். சாதாரண தரம் வரைக்கும் படித்தேன், அதனால் எழுத வரும். எழுதுவதைவிட நன்றாகப் பேச வரும். என் நாக்கில் சனி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சிவம் அடிக்கடி சொல்லுவார். அன்று காலை அது உண்மையாகிவிட்டது.

தர்ஷினிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டாள். மறுபடி எழுது, டீச்சராகலாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்று அவள் நின்றாள். காலையில் ரொட்டி சுடும்போது அடுப்படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"ஒரு வருசம் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்மா. இங்க ஒக்காந்து என்னா செய்யச் சொல்ற?"

"ஒக்காந்து படிடீன்னுதான் சொல்றேன்!"

"படிச்சவங்கல்லாம் இங்க என்னாத்த கிழிச்சாங்க?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நான் செத்த பொறகு போ! என் பொணத்தத் தாண்டிப் போ! இன்னைக்கே செத்துத் தொலைக்கிறேன், நீ நாளைக்கே போ!" என்று கத்தினேன். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஆறு காம்பரா, ஆறு குடும்பம். நடுவில் இருக்கிற சுவர் பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆறு வீடும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் வாசல் படியில் உட்கார்ந்து, மழைக்காலத்தில் தினமும் செய்கிற வேலையைச் செய்தேன். அட்டைக்குப் பூசினேன். எங்கள் மலையில் மழை பிடித்தால் விடாது. தேயிலைச் செடிக்கு அடியில் இலைக்கு ஒரு அட்டை தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறுங்காலோடு இறங்கினால் சாயங்காலம் இரத்தத்தோடுதான் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு கைமருந்து. சிலர் வெறும் சவுக்காரம், அதுதான் சோப்பு, தேய்ப்பார்கள், சிலர் உப்பு. நான் புகையிலையை முதல் நாளே சிரட்டையில் தண்ணி ஊற்றி ஊறப்போட்டு, சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அப்பிக்கொள்ளுவேன். பதினாறு வருடமாகப் பூசுகிறேன். ஒரு அட்டை கிட்ட வராது.

அந்த வருடம் என் மூளை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. பூசியது மழையில் கரைந்து போகிறதே என்று, கடையில் சாமான் போட்டுத் தருகிற சிலிசிலி பேக்கைக் காலில் சுற்றி, அதற்கு மேலே நீளக் காலுறையைப் போட்டுக் கட்டினேன். பக்கத்து நிரையில் பறிக்கிற பாக்கியம் அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். "அடேங்கப்பா, இஞ்சினியரு!" என்று அக்கா சிரித்தார்.

கால் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. ஈரமும் சவுக்காரமும் பட்டுப் பட்டு முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, வெடித்து, அரிப்பெடுத்தது. அரிப்புத் தாங்காமல் இரவில் சுடுதண்ணியில் உப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். அந்த நேரத்துக்குச் சொர்க்கம். விடிந்தால் தோலுரித்த மாதிரி நீர் கசியும். அதற்கு மேலேயே மறுபடி புகையிலை. எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுவேன். படித்த முட்டாள்.

அந்த வாரம் முழுக்கவே பத்து மணியானால் தலை சுற்றியது. இரண்டு நாள் வாந்தியும் வந்தது. வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக் கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும். பித்தம் என்று விட்டுவிட்டேன்.

சண்டை போட்ட அன்றைக்குப் பித்தம் விடவில்லை. மலையில் ஏறி ஒரு மணித்தியாலம் இருக்கும். வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. துப்பத் துப்ப ஊறியது. மழையில் நிற்கிறேன், உள்ளே வேர்வை ஆறாக ஓடுகிறது. கொழுந்தைப் பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. கையும் தொடையும் தானாகத் துடித்தன. "அக்கா" என்று கூப்பிட்டேன், இல்லையென்றால் கூப்பிட்டதாக நினைத்தேன். கூடையோடு சாய்ந்தேன். பாக்கியம் அக்கா ஓடிவந்து என் வாயைப் பார்த்தார். நுரை. காலையில் நான் கத்தியதைப் பக்கத்துக் காம்பராவிலிருந்து கேட்ட அதே அக்கா. "ஐயோ! ராணி மருந்து குடிச்சிட்டாளே! சொன்ன மாதிரியே செஞ்சிட்டாளே பாவி!" என்று அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், வாந்திதான் வந்தது.

தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாக்கியம் அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இல்லையென்றால் நான் அந்தச் செடிக்கு அடியிலேயே கிடந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். மூக்கு வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். தொண்டையில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. உடுப்பை வெட்டி எடுத்தார்கள், காலில் கட்டியிருந்த பேக்கையும் காலுறையையும் பிய்த்துப் போட்டார்கள். மருந்து மேலே பட்டிருந்தால் போகட்டும் என்று இரண்டு பேர் தலையிலிருந்து பாதம் வரை சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். அந்தக் குளிரில் செத்தேன் என்றே நினைத்தேன். அந்தக் கழுவல்தான் என்னைக் காப்பாற்றியது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு ஊசி. பூச்சி மருந்து குடித்தவர்களுக்குப் போடுகிற ஊசி அது. அட்ரோபின் என்று பெயர். எச்சிலையும் வேர்வையையும் நிறுத்தி இருதயத்தை ஓடவைக்கும். அதைப் போட்டதும் வாய் காய்ந்த பலகையாகிவிட்டது. கூரையில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது, இருதயம் காதுக்குள் அடித்தது. தண்ணி, தண்ணி என்று கேட்டேனாம்.

மறுநாள் காலையில் தெளிந்துவிட்டேன். அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். பக்கத்துக் கட்டிலில் உண்மையிலேயே மருந்து குடித்த ஒரு பெண் மூன்று நாளாக எழுந்திருக்காமல் கிடந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டேன். நேர்ஸ் மிஸ்ஸி என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "இனி இப்புடிச் செய்யாதீங்க அம்மா, புள்ள இருக்குதானே" என்றார். "நான் ஒண்ணும் குடிக்கல மிஸ்ஸி" என்றேன். "எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க" என்று போய்விட்டார்.

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் எழுதுகிற கொப்பியோடு வந்தார். என்ன குடித்தாய், ஏன் குடித்தாய். குடிக்கவில்லை என்றேன் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அவர் எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. சிவம் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். பெக்டரியில் இலை அரைக்கிற மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், சீப்பை எடுத்து என் தலையைச் சீவிவிட ஆரம்பித்தார். சிக்கெடுக்கத் தெரியாமல் பிய்த்து எடுத்தார். நான் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. சீவி முடித்து, "ராணி, என்னா கஷ்டமா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அட கடவுளே! இருபத்தொரு வருடம் கூட இருந்த ஆளே நம்பவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தர்ஷினி கட்டிலுக்குக் கிட்டவே வரவில்லை. கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் குடிக்கலடீ" என்றேன். குழாய் கிழித்த தொண்டையில் குரலே வரவில்லை. "சரிம்மா" என்றாள். சின்னப் பிள்ளை பொய் சொன்னால் நாம் சரி சரி என்போமே, அந்தச் சரி. பிறகு சொன்னாள், "நான் கொழும்புக்குப் போகலம்மா. எங்கயும் போகல. நீ நல்லா இரு, அது போதும்."

மூன்றாம் நாள் காலையில் டொக்டர் நோனா வந்தார். இளம் வயதுப் பெண், சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். கையில் ஒரு தாள்.

"அம்மா, ரத்தம் டெஸ்ட் வந்திருக்கு. பூச்சி மருந்து உடம்புக்குப் போனா, ரத்தத்தில ஒரு சாமான் நல்லாக் குறையணும். உங்களுக்குக் குறையல. நீங்க அது குடிக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் தலதலயா அடிச்சுக்கிட்டேனே நோனா!"

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னவர், "ஆனா ஏதோ உள்ள போயிருக்கு. என்ன?" என்று கேட்டுக்கொண்டே போர்வையை விலக்கினார். நான் தூக்கத்திலேயே கால் இரண்டையும் சொறிந்து துணியெல்லாம் கறையாக்கியிருந்தேன். நோனா குனிந்து கிட்டப் பார்த்தார். "கால் ஏன் இப்புடி? இதில என்ன பூசுறது?"

மூன்று நாளாக என்னிடம் எத்தனையோ பேர் கேள்வி கேட்டார்கள். என்ன குடித்தாய், என்ன சாப்பிட்டாய், மருந்து டாங்கியைத் தொட்டாயா. பூசியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அட்டைக்குப் பூசுவதை யாராவது கணக்கில் எடுப்பார்களா? சொன்னேன். புகையிலை, சவுக்காரம், சுண்ணாம்பு. சிலிசிலி பேக்கையும் சொன்னேன். நோனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நம் தோலின் மேல்தட்டு செத்த செல்களால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, நடுவில் கொழுப்புப் பூசியிருக்கும். கூரைத் தகரத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப்போட்டுத் தார் பூசுகிறோமே, அப்படி. முழுசாக இருக்கும்வரை வெளியிலிருந்து உள்ளே போவது கொஞ்சம்தான். உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது. சவுக்காரம் அந்தக் கொழுப்பைக் கழுவி எடுத்துவிடும். சுண்ணாம்பு பொசுக்கும். சுடுதண்ணியும் நாரும் அடுக்கையே பெயர்த்துவிடும். பிறகு அது கூரையில்லை, ஓட்டை. முன்பு கசிந்த சாமான் இப்போது ஒழுகி இரத்தத்தில் கலக்கும். பேக்கைச் சுற்றினால் உள்ளே புழுங்கித் தோல் ஊறும், ஊறிய தோல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

புகையிலையில் நிக்கொட்டின் என்று ஒரு விஷம் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அது தோலுக்குள் இன்னும் சுலபமாக நுழையுமாம். வாய் வழியாகப் போனாலும் கால் வழியாகப் போனாலும் விஷம் விஷம்தான். எச்சில், வேர்வை, வாந்தி, நடுக்கம் எல்லாம் பூச்சி மருந்து குடித்த மாதிரியே வரும். புகையிலைத் தோட்டங்களில் ஈர இலை பறிக்கிறவர்களுக்கே இப்படித் தலை சுற்றி வாந்தி வருவதுண்டு என்றும் நோனா சொன்னார். "அவங்களும் எல பறிக்கிறவங்கதானே" என்று நான் சொன்னதும் சிரித்தார்.

"பாக்கியம் அக்காவும் இதத்தானே பூசுறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் செய்யலியே?" என்று கேட்டேன்.

"அவங்க கால் இப்புடிப் புண்ணா இருக்கா? அவங்க வெத்தில போடுவாங்களா?"

அக்காவின் கால் வழவழவென்று இருக்கும். வெற்றிலையும் புகையிலையும் வாயை விட்டு இறங்காது. புகையிலைக்குப் பழகின உடம்பு. நான் தேத்தண்ணியைத் தவிர வேறு எதற்கும் பழகாதவள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நோனா எழுந்தார். "நான் ரிப்போட்டில எழுதுறேன், குடிக்கலன்னு. பொலிஸுக்கும் சொல்றேன். வீட்டு ஆக்களுக்கும் நானே சொல்லவா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லுங்க நோனா, கத்திச் சொல்லுங்க என்றல்லவா? நான் சொன்னது: "வேணாம் நோனா. நானே சொல்லிக்கிறேன்."

பகல் பன்னிரண்டுக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். தர்ஷினி சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கிட்ட வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "கடைக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன்மா. பரீச்சைக்குத் திருப்பி அப்ளிகேசன் போடுறேன். புஸ்தகமெல்லாம் எடுத்துவச்சிட்டேன்" என்றாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள்.

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. அது காலில் பூசினதாலடீ, உன்னால இல்லடீ. இரண்டே வார்த்தை. நான் சோற்றை விழுங்கினேன், அதையும் சேர்த்து விழுங்கினேன். பிள்ளை படிக்கிறேன் என்கிறாள். வீட்டில் இருக்கிறேன் என்கிறாள். மூன்று மாதமாகக் கத்திக் கத்தி நடக்காதது இப்போது தானாக நடக்கிறது. நான் பொய்யா சொன்னேன்? குடித்தேன் என்றா சொன்னேன்? சும்மா இருந்தேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே வக்கீலானேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சிவம் வந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

காலுக்கு வெள்ளையாக ஒரு களிம்பும், மேலே தடவ வாசனையில்லாத மெழுகு மாதிரி ஒன்றும் கொடுத்தார்கள். தோல் தன் கூரையைத் தானே வேய்ந்துகொள்ளும், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்றார் நோனா. சவுக்காரம் வேண்டாம், சுடுதண்ணி வேண்டாம், நகம் வேண்டவே வேண்டாம். தோட்டத்துப் பெண்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அதில் கண்டதையும் அப்பாதீர்கள். அட்டை குடிக்கிற இரத்தம் உடம்பில் திரும்ப ஊறிவிடும்.

நான்காம் நாள் துண்டு வெட்டி, அதாவது வியாதி விவரம் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தர்ஷினி காலையிலேயே வந்துவிட்டாள். நான் உடுப்பு மாற்றப் பாத்ரூமுக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தப் போனால் கை வைத்துத் தடுத்தாள்.

"கதவச் சாத்தாதம்மா."

"ஏன்டி, வெக்கமாயில்லையா? தள்ளு."

"நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். கதவ மட்டும் சாத்தாத. ஏதாவது பேசிக்கிட்டே இரு, எனக்குக் கேக்கணும்."

திரும்பி நின்றாள். கழுத்துப் பட்டையில் எலும்பு தெரிந்தது. நான்கு நாளில் பிள்ளை பாதியாகியிருந்தாள். நான் ஜெயித்தது இதைத்தான் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இவள் படிக்கப்போவதில்லை. ஆயுசுக்கும் என் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"தர்ஷினி, இங்க பாருடி. நான் குடிக்கல. சத்தியமா. அட்டைக்குப் பூசின பொகையிலதான். கால் புண்ணா இருந்துச்சில்ல, அது வழியா உள்ள போயிருச்சு. டொக்டர் நோனாவே சொன்னாங்க. ரத்தம் டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல. துண்டுல எழுதியிருக்காங்க, பாரு."

துண்டை வாங்கினாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். திடீரென்று சிரித்தாள். "பொகையிலயா? ஐயோ அம்மா! பொகையிலயா!" சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு அழுகையாக மாறியது, நானும் அழுதேன். இரண்டு பேரும் பாத்ரூம் வாசலில் நின்று அழுவதைப் பார்த்து மிஸ்ஸி பயந்து ஓடிவந்துவிட்டுப் போனார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இது எப்பம்மா தெரியும் ஒனக்கு?"

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? துண்டில் இரத்தப் பரிசோதனையின் திகதி இருந்தது, அவள் விரல் அதன் மேலேயே இருந்தது. அது இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்.

"நேத்துக் காலையில," என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். என் மகள், என் வாய். அவள் கத்தவில்லை. துண்டை நாலாக மடித்து என் கையில் வைத்தாள்.

"நேத்து ராத்திரிதாம்மா நான், நீ வீட்டுக்கு வந்து மறுபடி எதுவும் செஞ்சுக்கக் கூடாதுன்னு, துணி காயப்போடுற கயித்தையெல்லாம் அறுத்து அடுப்புல போட்டேன்" என்றாள்.